பட்டாளம் கேக்குது, ஃபேக்டரி செய்யுது, அவ்வளவு தானா?

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: ஒரு நாட்டோட ராணுவத்துக்கும் அதுக்கு ஆயுதம் செஞ்சு தர்ற தொழிற்சாலைகளுக்கும் உண்மையில என்ன உறவு, ராணுவம் கேக்கறதத்தான் ஃபேக்டரி செய்யுதா, இல்ல ஃபேக்டரிக்காரங்க விக்கறத ராணுவம் வாங்கிக்குதா, யார் கை ஓங்கியிருக்கு. குன்னூர்ல காலேஜ் படிக்கிற பையன் இத கேட்டது எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா ஊட்டி ரயில்ல வெலிங்டன் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் அருவங்காடு, ஒரு ஸ்டேஷன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரும் ராணுவ அதிகாரிங்க படிக்கிற ஸ்டாஃப் காலேஜும் அடுத்த ஸ்டேஷன்ல வெடிமருந்து செய்ற கார்டைட் ஃபேக்டரியும், இந்த கேள்விக்கு பதில் தேடி நீங்க டெல்லி போக வேண்டியதே இல்ல.

எங்க வீட்டுக்குள்ளயே இந்த கேள்வி இருந்துச்சு. எங்க அப்பா கார்டைட் ஃபேக்டரில வேலை பார்த்தவரு, எங்க வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தாரா ரிட்டையர் ஆனவரு, நான் டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ்ல முப்பது வருஷம் பில்லும், சரக்கு வேணும்னு எழுதி அனுப்பற இண்டென்ட்டும் பார்த்தவ. அதனால செய்றவங்க, சுடறவங்க, காசு கணக்கு பாக்கறவங்க மூணு பேரும் ஒரே சாப்பாட்டு மேசைல உக்காந்த குடும்பம் எங்களுது.

ஒரு சம்பவம் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் ஒரு தடவ லீவுல வந்தப்ப ரேஞ்ச்ல நடந்தத சொல்லிட்டு இருந்தாரு, ஒரு பெட்டி தோட்டால அடிக்கடி மிஸ்ஃபயர், ட்ரிக்கர அழுத்தினா டிக்னு சத்தம் மட்டும் வருது, அப்புறம் அரை நிமிஷம் துப்பாக்கிய அப்படியே டார்கெட் பக்கம் புடிச்சிட்டு அசையாம இருக்கணும், ஏன்னா லேட்டா வெடிக்கலாம். இவரு "மாமா, உங்க ஆளுங்க என்னதான் செய்றாங்க"ன்னு கேட்டாரு. அப்பா கோவப்படல, சாப்பிடறத நிறுத்திட்டு முதல்ல கேட்டது "மாப்ள, லாட் நம்பர் என்ன?" அது வேற எங்கயோ செஞ்ச சரக்கு, எங்க ஊருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, ஆனாலும் அவருக்கு அதுதான் முதல் கேள்வி. பெட்டி மேல ஸ்டென்சில் அடிச்சிருக்கற அந்த லாட் நம்பர் இருந்தா அது எந்த வருஷம் செஞ்சது, எந்த மருந்து கலவை போட்டது, யார் டெஸ்ட் பண்ணி பாஸ் போட்டாங்க எல்லாத்தையும் பின்னாடியே போய் புடிச்சிடலாம். இவருக்கு நம்பர் ஞாபகமில்ல, "நான் ஏன் மாமா அத பாக்கணும்"னாரு. அப்பா அன்னைக்கு ராத்திரி பூரா ஒரு மாதிரியாவே இருந்தாரு. செஞ்சவனும் சுட்டவனும் நேர்ல பேசிக்கவே வழியில்ல, நடுவுல அந்த நம்பர் மட்டும்தான் பேசுது, அதையும் யாரும் குறிச்சு வைக்கலன்னா தப்பு எங்கன்னு யாருக்குமே தெரியாது. நீங்க கேட்ட உறவுல பாதி இதுதான்.

மீதி பாதிக்கு முதல்ல அங்க என்ன செய்றாங்கன்னு தெரியணும். கார்டைட்னா வெடிகுண்டு இல்ல, குண்ட முன்னாடி தள்ற மருந்து. சுத்தமான பஞ்ச ஆசிட்ல போட்டு நைட்ரோசெல்லுலோஸ் ஆக்கி, அதோட நைட்ரோகிளிசரின், 5 சதவீதம் வாஸ்லின், அசிட்டோன் எல்லாம் விட்டு பிசைஞ்சு மாவு மாதிரி ஆக்கி, அச்சுல வெச்சு அழுத்தி இழை இழையா எடுப்பாங்க, இதுதான் பழைய முறை. நம்ம வீட்ல சந்தகை புழியற மாதிரியேதான், எங்க அம்மா சந்தகை புழியறப்பல்லாம் அப்பா பக்கத்துல உக்காந்து மாவு பதம் சொல்லுவாரு. பிரிட்டிஷ்காரன் 1900-களோட ஆரம்பத்துல இத அருவங்காட்டுல கொண்டு வந்து வெச்சான், காட்டேரி அருவி தண்ணில கரண்ட் எடுத்து ஃபேக்டரிய ஓட்டினான், அப்ப ஊட்டி வரைக்கும் ரயில் கூட கிடையாது, அது 1908-லதான் வந்துச்சு. கேட்ல நெருப்பெட்டி பீடி எல்லாம் வாங்கி வெச்சிடுவாங்க, உள்ள ஆணி அடிக்காத செருப்பு, ஒரு பொறி பட்டா போச்சு. இந்த வேலைய ஒருத்தனுக்கு ஒரு மாசத்துல சொல்லிக் குடுத்திட முடியாது, கை பதம் வர்றதுக்கே வருஷக்கணக்கா ஆகும்.

இப்ப இதுல இருக்கற சிக்கல பாருங்க. இந்த சரக்க நாட்டுக்குள்ள கடை போட்டு விக்க முடியாது, வாங்கறது பெரும்பாலும் ராணுவம் ஒருத்தர்தான். நம்ம ஊர்ல பச்சை இலை போடற சின்ன விவசாயிக்கு இது டக்குனு புரியும், பறிச்ச இலைய அன்னைக்கே ஃபேக்டரிக்கு அனுப்பலன்னா வாடிடும், அதனால ஃபேக்டரிக்காரன் சொன்னதுதான் விலை. ஆயுதத்துல அதே மாதிரி வாங்கறவன் கைதான் ஓங்கியிருக்கும்னு நினைப்பீங்க, ஆனா பல சரக்குல செய்றவனும் நாட்டுக்குள்ள ஒருத்தன்தான், அதனால ராணுவமும் வேற கடைக்கு போக முடியாது. ஒரே ஒரு வாங்கறவன், ஒரே ஒரு விக்கறவன், ரெண்டு பேருக்கும் மேல ஒரே மந்திரி. இந்த மாதிரி இடத்துல விலைங்கறதே மார்க்கெட் விலையா இருக்காது, செலவு இவ்வளவு ஆச்சு, இவ்வளவு வெச்சுக்கலாம்னு எழுதறதுதான். நான் அக்கவுண்ட்ஸ்ல பார்த்தது என்னன்னா இந்த வருஷம் ராணுவம் ஆர்டர குறைச்சா கட்டடம், மெஷின், சம்பளம் எதுவும் குறையாது, அந்த செலவு மொத்தமும் மீதி இருக்கற கொஞ்ச சரக்கு மேல ஏறும், விலை கூடும், விலை கூடுச்சுன்னு அடுத்த வருஷம் இன்னும் குறைவா கேப்பாங்க, அப்படியே சுத்திட்டே இருக்கும்.

அதனால என் கணக்குல இந்த உறவுல பெரிய கேள்வி யார் யார ஆட்டி வைக்கறாங்கங்கறது இல்ல, சண்டை இல்லாத வருஷங்கள்ல அந்த ஃபேக்டரிய யாரு உயிரோட வெச்சிருக்கறதுங்கறதுதான். சண்டை வந்த பிறகு காசு குடுத்தா மட்டும் மருந்து வந்திடாது. 1915-ல, முதல் உலகப் போர்ல, பிரிட்டனுக்கே ஷெல், அதாவது பீரங்கி குண்டு, பத்தாம போய் அரசாங்கமே ஆடிடுச்சு, லாயிட் ஜார்ஜ தலைமைல போட்டு மியூனிஷன்ஸ்னு தனி அமைச்சகமே ஆரம்பிச்சாங்க, கார்டைட்டுக்கு வேணுங்கற அசிட்டோன் கிடைக்காம வைஸ்மேன்ங்கற கெமிஸ்ட் மாவுச்சத்த பாக்டீரியா வெச்சு புளிக்க வெச்சு எடுக்கற வழிய கண்டுபுடிச்சாரு, அவரு பின்னாடி இஸ்ரேலோட முதல் ஜனாதிபதி ஆனாரு. நூறு வருஷம் கழிச்சு உக்ரைன் சண்டைல அதே கதை. 2023 மார்ச்ல ஐரோப்பிய யூனியன் ஒரு வருஷத்துல 10 லட்சம் ஷெல் தர்றோம்னு சொன்னாங்க, வருஷம் முடியறப்ப அதுல பாதி கிட்டத்தான் போச்சு. இரும்புக் கூடு செய்றது மட்டும் பிரச்சனை இல்ல, தள்ற மருந்துக்கு வேணுங்கற நைட்ரோசெல்லுலோஸ் பத்தல, அதுக்கு வேணுங்கற பஞ்சு லின்டர் பெரும்பாலும் சீனால இருந்து வருது. பருத்திக் கொட்டைல ஒட்டியிருக்கற குட்டை பஞ்சு, அதுதான் அவ்வளவு பெரிய நாடுகளையே நிறுத்தி வெச்சுச்சு. அப்பா இருந்திருந்தா இத படிச்சிட்டு என்ன சொல்லியிருப்பாருன்னு அடிக்கடி நினைச்சுக்குவேன்.

நம்ம நாட்டுலயும் இத எழுதி வெச்சிருக்காங்க. 40 நாள் முழு சண்டைக்கு வேணுங்கற அளவு கையிருப்பு இருக்கணும்ங்கறது ராணுவத்தோட கணக்கு. 2017-ல வந்த சி.ஏ.ஜி., அதாவது அரசாங்க கணக்க தணிக்கை பண்றவரோட, ரிப்போர்ட்ல முந்தின வருஷக் கணக்குப்படி பார்த்த 152 வகை வெடிமருந்துல 61 வகை 10 நாளைக்குக் கூட வராதுன்னு இருந்துச்சு. இதுக்கு ராணுவத்த கேட்டா ஃபேக்டரி டயத்துக்கு தர்றதில்லம்பாங்க, ஃபேக்டரிய கேட்டா நீங்க அஞ்சு வருஷத்துக்கு எவ்வளவு வேணும்னு உறுதியா சொல்றதில்ல, சொன்னதையும் நடுவுல மாத்தறீங்கம்பாங்க. நான் ரெண்டு பக்க காகிதத்தையும் பார்த்தவ, ரெண்டு பேர் சொல்றதுலயும் உண்மை இருக்கு.

தரம் பத்தின சண்டை இன்னும் கசப்பானது. 2020-ல ராணுவத்தோட உள் ரிப்போர்ட் ஒண்ணு வெளில வந்துச்சு, 2014-ல இருந்து, அரசாங்கத்தோட ஆயுத ஃபேக்டரிங்கள அப்ப நடத்தின ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டு குடுத்த கெட்டுப்போன வெடிமருந்தால 960 கோடி ரூபாய் வீணா போச்சு, 403 விபத்து, 27 பேர் செத்துட்டாங்கன்னு. போர்டு அத ஒத்துக்கல, எல்லா விபத்தும் எங்க சரக்கால இல்ல, பீரங்கி பராமரிப்பு, டிப்போல வெச்சிருக்கற விதம் இதெல்லாம் காரணம்னு சொன்னாங்க. இதுல ஒரு கெமிஸ்ட்ரி விஷயம் இருக்கு. நைட்ரோசெல்லுலோஸ் மருந்து சும்மா வெச்சிருந்தாலே மெதுவா சிதைஞ்சிட்டு இருக்கும், அத தடுக்க ஸ்டெபிலைசர்னு ஒண்ணு கலப்பாங்க, அது கொஞ்சம் கொஞ்சமா தீர்ந்திட்டே வரும், சூடு ஜாஸ்தியான இடத்துல சீக்கிரம் தீரும். அருவங்காட்டு குளிர்ல வருஷக்கணக்கா நல்லா இருக்கற மருந்து ராஜஸ்தான் வெயில்ல ஷெட்டுல கிடந்தா அதே வயசுல கெட்டுடும். அப்ப ஒரு ஷெல் வெடிச்சு பீரங்கிக்காரன் போயிட்டா அது செஞ்சவன் தப்பா, வெச்சவன் தப்பா, எவ்வளவு நாள் வெச்சிருக்கலாம்னு டெஸ்ட் பண்ணாதவன் தப்பா? மூணு பேரும் ஒரே அரசாங்கம், ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸ் போட முடியாது, அதனால ஃபைல் மட்டும் தடிச்சிட்டே போகும். நடுவுல டி.ஜி.க்யூ.ஏ.ன்னு தர பரிசோதனைக்கு தனி அமைப்பு இருக்கு, இட்டார்சி, பாலாசோர்ல சுட்டுப் பாக்கற ரேஞ்ச் இருக்கு. அங்க பாஸ் போடறவங்க செய்றவங்களுக்கும் வாங்கறவங்களுக்கும் கட்டுப்படாம இருந்தாத்தான் எங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளு நம்பி ட்ரிக்கர அழுத்த முடியும். என்ன கேட்டா இந்த மொத்த உறவுலயும் காசு குறைக்கவே கூடாத ஒரு இடம் இதுதான்.

இனி ராணுவம் என்ன கேக்குதுங்கறது. ஒரு ஆயுதம் வேணும்னா அது என்னென்ன செய்யணும்னு ஜி.எஸ்.க்யூ.ஆர்.னு ஒரு பட்டியல் எழுதுவாங்க. உலகத்துல இருக்கற எல்லா நல்ல குணமும் ஒரே ஆயுதத்துல வேணும்னு எழுதினா அத யாராலயும் செய்ய முடியாது, மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு மந்திரியா இருந்தப்ப சில பட்டியல் மார்வெல் காமிக்ஸ்ல இருந்து எடுத்த மாதிரி இருக்குன்னே சொன்னாரு. அர்ஜுன் டாங்க் இதுக்கு பெரிய உதாரணம், நம்ம ஆவடில டிசைன் பண்ணி ஆவடிலயே செஞ்சது. 1974-ல அனுமதி குடுத்தாங்க, 2000-லதான் முதல் ஆர்டர் 124, அப்புறம் இன்னொரு 124, 2021-ல மேம்படுத்தின மார்க் 1ஏ 118, விலை 7,523 கோடி. நடுவுல ராணுவத்தோட தேவை மாறிட்டே இருந்துச்சு, டாங்கோட எடை ஏறிட்டே இருந்துச்சு, எடை ஏறினதால பாலம் தாங்காது, ரயில்ல ஏத்த முடியாதுன்னு ராணுவம் வேண்டாம்னுச்சு, அதுக்குள்ள ரஷ்யாவோட டி-90 டாங்க் ஆயிரத்துக்கு மேல எடுத்தாச்சு, அதையும் லைசென்ஸ்ல அதே ஆவடிலதான் செய்றாங்க. 124 டாங்குக்கு ஒரு லைன் போட்டா அதுக்கு பார்ட்ஸ் செய்ற சின்ன பட்டறைக்காரங்க எத்தன வருஷம் தாங்குவாங்க சொல்லுங்க, ஆர்டர் முடிஞ்சதும் மெஷின வேற வேலைக்கு திருப்பிடுவாங்க, பத்து வருஷம் கழிச்சு மறுபடி கேட்டா ஆளும் இருக்காது அச்சும் இருக்காது. ராணுவத்துக்கு டாங்க் பிடிக்கல, ஃபேக்டரிக்கு ராணுவத்த பிடிக்கல, ரெண்டு பேரும் முதல் பத்து வருஷமே ஒண்ணா உக்காந்து பேசியிருந்தா இந்த கதை வேற மாதிரி போயிருக்கும்னு நான் உறுதியா நம்பறேன்.

போஃபர்ஸ் கதைய உங்க வயசுக்காரங்க ஊழல்னு மட்டும்தான் கேள்விப்பட்டிருப்பீங்க. 1986-ல ஸ்வீடன் நாட்டு போஃபர்ஸ் கம்பெனிகிட்ட 410 பீரங்கி வாங்கினோம், அதோட செய்முறை வரைபடமும் வந்துச்சு. அடுத்த வருஷம் கமிஷன் விவகாரம் வெடிச்சுது, அதுக்கப்புறம் அந்த வரைபடத்த தொடவே எல்லாருக்கும் பயம். 1999-ல கார்கில்ல அதே பீரங்கிதான் நம்ம பசங்கள காப்பாத்துச்சு, ஆனா அதே மாதிரி ஒண்ண நாமளே செஞ்சு, தனுஷ்னு பேர் வெச்சு, ஜபல்பூர் ஃபேக்டரி ராணுவத்துக்கு குடுத்தது 2019 ஏப்ரல்ல. முப்பது வருஷத்துக்கு மேல பேப்பர் அலமாரில கிடந்துச்சு. இதே மாதிரிதான் நாளந்தால 155 மில்லிமீட்டர் பீரங்கிக்கு மருந்து செய்ற ஃபேக்டரி, 2001-ல அனுமதி ஆச்சு, தொழில்நுட்பம் தர வந்த வெளிநாட்டு கம்பெனிங்க லஞ்சப் புகார்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு கறுப்புப் பட்டியல்ல போச்சு, வேலை வருஷக்கணக்கா நின்னுச்சு. லஞ்சம் வாங்கினவன தண்டிக்கணும், அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. ஆனா கம்பெனிய தடை பண்ணிட்டு மாத்து ஏற்பாடு இல்லாம விட்டா தண்டனை மலை உச்சில நிக்கற சிப்பாய்க்குத்தான் போய் சேருது.

அமெரிக்கால நிலைமை வேற, நீங்க படிச்ச கட்டுரை எல்லாம் அனேகமா அத வெச்சுத்தான் எழுதியிருப்பாங்க. 1961 ஜனவரி 17-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் பதவிய விட்டு போறப்ப பேசினதுல ராணுவமும் ஆயுத தொழிலும் சேர்ந்த கூட்டுக்கு தேவையில்லாத செல்வாக்கு வந்திடாம பாத்துக்கங்கன்னு எச்சரிச்சாரு, அத சொன்னவரு ரெண்டாம் உலகப் போர்ல படைய நடத்தின ஜெனரல், அதனாலதான் அந்த பேச்சுக்கு அவ்வளவு கனம். அங்க கம்பெனிங்க தனியார், எம்.பி.க்களோட தொகுதில ஃபேக்டரி, ஃபேக்டரிய மூடினா ஓட்டு போகும், அதனால ராணுவமே வேண்டாம்னு சொன்ன சரக்குக்குக் கூட சில நேரம் காசு ஒதுக்குவாங்க. பனிப்போர் முடிஞ்சு 1993-ல அவங்க பாதுகாப்புத் துறை தலைமையகமான பென்டகன்ல கம்பெனி தலைவர்கள கூப்பிட்டு ஒரு ராத்திரி விருந்து வெச்சு, இனி இத்தன பேருக்கு ஆர்டர் இருக்காது, ஒண்ணா சேர்ந்துக்கங்கன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் 51 பெரிய கம்பெனி சுருங்கி 5 ஆச்சு. இப்ப ஒரு கம்பெனி லேட் பண்ணினா அவங்களுக்கும் வேற கடை இல்ல. தனியார் வந்தா போட்டி வரும்னு இங்க சொல்றவங்க அத கொஞ்சம் பாக்கணும்.

நம்ம தேஜஸ் போர் விமானத்துலயும் ஒண்ணு கவனிங்க. 1983-ல ஆரம்பிச்சு, இப்ப நம்ம சூலூர்ல ஸ்குவாட்ரனே இருக்கு, டிசைன் நம்மளுது, ஆனா எஞ்சின் அமெரிக்கா ஜி.இ. கம்பெனிது. 2021-ல 83 விமானத்துக்கு ஆர்டர் போட்டும் எஞ்சின் லேட்டானதால சரியான நேரத்துக்கு வரல. அப்ப விமானப்படை யார திட்டறது, விமானத்த செய்ற நம்ம அரசு கம்பெனி எச்.ஏ.எல்.லயா அமெரிக்காவயா? நீங்க கேட்ட உறவுக்குள்ள வெளிநாடு ஒண்ணு எப்பவும் உக்காந்திருக்கும், மருந்துல பஞ்சு மாதிரி, விமானத்துல எஞ்சின்.

2021 அக்டோபர் 1-ம் தேதில இருந்து 41 ஆர்டினன்ஸ் ஃபேக்டரியையும் ஏழு அரசு கம்பெனியா பிரிச்சாச்சு, அருவங்காடு இப்ப மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் கீழ, திருச்சி துப்பாக்கி ஃபேக்டரி, ஆவடி எல்லாம் வேற வேற கம்பெனி. இதுல நல்லதும் இருக்கு, கம்பெனின்னு ஆனதால வெளிநாட்டுக்கு முன்னவிட சுலபமா விக்கலாம், நாட்டோட மொத்த ராணுவ ஏற்றுமதி 2024-25-ல 23,622 கோடிக்கு போயிருக்கு, உள்ள ஆர்டர் இல்லாத வருஷத்துலயும் லைன் ஓடும், நான் மேல சொன்ன அமைதிக்கால பிரச்சனைக்கு அது ஒரு வழி. ஆனா தொழிலாளிங்க சங்கமெல்லாம் எதிர்த்தது சும்மா இல்ல. அவங்கள டெபுடேஷன்ல, அதாவது அரசு ஊழியரா இருந்துக்கிட்டே தற்காலிகமா கம்பெனிக்கு அனுப்பின மாதிரி கணக்கு வெச்சு, அந்த கெடுவ நீட்டிக்கிட்டே இருக்காங்க, நாளைக்கு நாம அரசு ஊழியரா கம்பெனி ஊழியரான்னு தெரியாம இருக்கற ஒருத்தர் எப்படி நிம்மதியா மருந்து பதம் பாப்பாரு? லாபம் வரலன்னா இந்த லைன மூடுன்னு ஒரு கம்பெனி சொல்லலாம், அதுல தப்பில்ல, ஆனா பத்து வருஷத்துக்கு ஒரு தடவ மட்டும் தேவைப்படற சரக்கு செய்ற லைன் எப்பவுமே லாபத்துல ஓடாது. அத மூடாம வெச்சிருக்க ராணுவமே வருஷா வருஷம் ஒரு தொகை குடுக்கணும், ஆர்டர் இருந்தாலும் இல்லாட்டாலும். தீயணைப்பு வண்டிக்கு தீ புடிச்ச அன்னைக்கு மட்டும் சம்பளம் குடுக்க முடியுமா?

இன்னொண்ணு, ஸ்டாஃப் காலேஜ்ல படிக்கிற மேஜருங்கதான் பின்னாடி டெல்லில உக்காந்து என்ன வாங்கணும்னு எழுதப் போறவங்க. அவங்க வெலிங்டன்ல இருக்கற அந்த வருஷத்துல ஒரு வாரம் அருவங்காட்டு ஷாப் ஃப்ளோர்ல நின்னு ஒரு லாட் மருந்து எப்படி உருவாகுதுன்னு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாக்கணும், அதே மாதிரி ஃபேக்டரி சூப்பர்வைசருங்கள சுடற ரேஞ்சுக்கு கூட்டிட்டு போகணும். ஒரு ஸ்டேஷன் தூரம், டிக்கெட் சில்லறை காசு. எங்க அப்பா ரிட்டையர் ஆகற வரைக்கும் அவரு செஞ்ச மருந்து போட்ட ஒரு பீரங்கி சுடறத நேர்ல பார்த்ததே இல்ல.

நீங்க கட்டுரை எழுதறதா இருந்தா முதல்ல அந்த சி.ஏ.ஜி. ரிப்போர்ட்டோட அட்டவணைங்கள படிங்க, பேச்சாளருங்க சொல்றத அப்புறம் படிக்கலாம். அதுக்கப்புறம் ஒரு சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க, எங்க வீட்டுக்காரர் இப்ப ஒரு நோட்டு வெச்சிருக்காரு, அப்பா கேட்ட அந்த நாளுக்கு அப்புறம் சர்வீஸ்ல அவரு கைல தொட்ட ஒவ்வொரு பெட்டியோட லாட் நம்பரும் தேதி போட்டு எழுதினது, கேட்டீங்கன்னா காட்டுவாரு.